லைட் கலர்னா டீசன்ட்டா?

திருநெல்வேலியில் குளிர்காலம் எப்போது வருகிறது? தெரிந்தவர்கள் கை தூக்கலாம்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை வரும். பாபநாசம் அணை நிரம்பும். குறுக்குத்துறை முருகன் கோயிலைத் தாமிரபரணி கழுத்து வரைக்கும் முக்கி எடுக்கும். மார்கழியில் விடியற்காலம் கொஞ்சம் சிலுசிலுவென்று இருக்கும். மப்ளர் கட்டிய பெரியவர்கள் டீக்கடையில் ஒதுங்குவார்கள். எட்டு மணி ஆனால் வெயில் சுள்ளென்று முதுகில் விழும். டிசம்பர், ஜனவரியில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். எங்கள் ஊர் டிசம்பருக்கு வேறு முகமும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு ரயிலே நடுவழியில் பயணிகளோடு மாட்டிக்கொண்டது. வெள்ளம் பார்த்திருக்கிறோம். பனிக்கட்டி? ஜூஸ் கடையில்தான்.

ஆனால் டிசம்பர் பிறந்ததும் அழகுக் குறிப்புப் பக்கங்களும் செல்போன் வீடியோக்களும் ஒரு வேதவாக்கைச் சொல்ல ஆரம்பித்துவிடுகின்றன. ‘இது வின்டர் சீஸன்! நகத்துக்கு லைட் கலரைத் தேர்ந்தெடுங்கள். பேபி பிங்க், மில்க்கி ஒயிட், நியூட்...’ அது அப்படியே வழிந்து டவுன் ரத வீதி வரைக்கும் வந்து சேர்கிறது. வளையல் கடை, பேன்சி ஸ்டோர் எதிலும் போய் நெயில் பாலிஷ் கேட்டுப் பாருங்கள். கல்லாவுக்கு இந்தப் பக்கம் நிற்கும் தங்கச்சி, பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொல்லும்: “வின்டருக்கு லைட் கலர்தான்க்கா டீசன்ட்டா இருக்கும்.”

அந்தத் தங்கச்சியைக் கோபித்துப் பிரயோஜனம் இல்லை. சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறது. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் மூன்று பொய்கள் இருக்கின்றன. வின்டர் என்பது முதல் பொய். லைட் என்பது இரண்டாவது பொய். டீசன்ட் என்பது மூன்றாவது. முதல் பொய் காசைப் பிடுங்கும். இரண்டாவது பொய் தன்னம்பிக்கையைப் பிடுங்கும். மூன்றாவதில்தான் விஷம் இருக்கிறது.

வரிசையாக வருவோம்.

நம் அம்மாக்கள் நெயில் பாலிஷ் என்று சொல்லவில்லை, கியூட்டெக்ஸ் என்றார்கள். எந்தக் கம்பெனி பாட்டிலாக இருந்தாலும் அதன் பெயர் கியூட்டெக்ஸ்தான். வனஸ்பதிக்கு டால்டா மாதிரி. கியூட்டெக்ஸ் என்பது அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் பிராண்டு. 1917 வாக்கில் திரவ நெயில் பாலிஷை பாட்டிலில் அடைத்து விற்கத் தொடங்கியது. உள்ளே இருக்கும் முக்கியமான சரக்கு நைட்ரோ செல்லுலோஸ். 1920-களில் கார்களுக்கு அடித்த பெயின்ட்டிலும் அதே சரக்குதான். அதாவது, உங்கள் சுண்டுவிரலும் பழைய அமெரிக்கக் காரும் ஒருவகையில் சொந்தக்காரர்கள்.

1932-ல் ரெவ்லான் வந்தது. அண்ணன் தம்பிகள் இரண்டு பேர், கெமிஸ்ட் ஒருவர். அவர்கள் செய்த பெரிய காரியம் பாலிஷை நன்றாகத் தயாரித்தது மட்டும் இல்லை. ஆண்டுக்கு இரண்டு தடவை, வசந்தத்துக்கு ஒன்று, இலையுதிர் காலத்துக்கு ஒன்று என்று புதுப்புது நிறங்களை இறக்கி, போன சீஸன் நிறத்தைப் பழசாக்கினார்கள். உதட்டு நிறமும் நக நிறமும் பொருந்த வேண்டும் என்று சொல்லி, ஒன்று வாங்க வந்தவளை இரண்டு வாங்க வைத்தார்கள்.

நான் படித்தது பி.காம். முதல் வருடத்திலேயே தேய்மானம் என்று ஒரு பாடம் வரும. ஒரு பொருள் உபயோகித்துத் தேய்ந்து மதிப்பு இழக்கலாம். அல்லது, பொருள் அப்படியே கிண்ணென்று இருக்கும்போதே, ‘இது பழசு’ என்று சந்தை முடிவு செய்வதால் மதிப்பு இழக்கலாம். நெயில் பாலிஷ் வியாபாரம் முழுக்க இந்த இரண்டாவது வகையில்தான் ஓடுகிறது. உங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். காலியான நெயில் பாலிஷ் பாட்டில் ஒன்றாவது இருக்கிறதா? பாதி இருக்கும்போதே கெட்டியாகிப் போன பாட்டில்கள்தான் இருக்கும். ஒரு பாட்டிலைத் தீர்க்கும் வரை ஒரு பெண் காத்திருந்தால் கம்பெனிக்குக் கட்டுப்படி ஆகாது. அதனால்தான் சீஸன்.

அந்த சீஸன் விதியாவது ஒழுங்காக இருக்கிறதா? மேல்நாட்டில் ரொம்ப நாள் சொல்லி வந்தது, குளிர்காலத்துக்கு ஆழ்ந்த சிவப்பு, ஒயின் நிறம். வசந்தத்துக்கு வெளிர் நிறம் என்றுதான். எல்லோரும் டார்க் வாங்கி முடித்த பிறகு, ‘குளிர்காலத்திலும் லைட் போடலாமே’ என்று தலைகீழாகத் திருப்பினார்கள். மறுபடி திருப்புவார்கள். பனி விழுகிற நியூயார்க்கிலேயே நிலையாக நிற்காத விதி, பாளையங்கோட்டையில் வியர்த்து வழிகிற ஜனவரியில் என்னத்துக்கு?

சரி, காசு போனால் போகிறது. இரண்டாவது பொய்க்கு வருவோம்.

லைட் கலர் வரிசையில் ராணி மாதிரி ஒரு நிறம் இருக்கிறது. பெயர் நியூட். நம் கடைகளில் ‘ஸ்கின் கலர்’ என்பார்கள். போட்டால் போட்டதே தெரியக் கூடாது, விரலோடு விரலாகக் கலந்துவிட வேண்டும் என்பதுதான் அதன் சிறப்பாம். வாங்கி வந்து சேரன்மகாதேவியிலோ அம்பாசமுத்திரத்திலோ ஒரு விரலில் போட்டுப் பாருங்கள். கலக்காது. கரும்பலகையில் சாக்பீஸ் மாதிரி தனியாக நிற்கும்.

ஏன்? அந்த ஸ்கின் நம்முடைய ஸ்கின் இல்லை, ஐயா. யாரோ வெள்ளைக்காரியுடைய ஸ்கின். பெயரை மட்டும் பொதுவாக வைத்துவிட்டார்கள்.

அமெரிக்காவில் கிரயோலா கலர் பென்சில் கம்பெனி, வெளிறிய இளஞ்சிவப்பு நிறத்துக்கு ‘சதை நிறம்’ என்று பெயர் வைத்திருந்தது. கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் சூடாக இருந்த காலம். ‘எல்லார் சதையும் இந்த நிறமா?’ என்று சங்கடம் வந்து, 1962-ல் அதை ‘பீச்’ என்று மாற்றினார்கள். ஆறு வயதுக் குழந்தையின் பென்சில் டப்பாவில் 1962-ல் தீர்ந்த விவகாரம், நம் ஊர் நெயில் பாலிஷ் ஸ்டாண்டில் இன்னும் தீரவில்லை.

இதெல்லாம் சும்மா பெயர்ப் பிரச்னை என்று நினைக்க வேண்டாம். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு விரலில் மாட்டிப் பார்த்தோமே, ஆக்ஸிமீட்டர். விரலுக்குள் ஒளியைச் செலுத்தி ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று சொல்கிற கருவி. 2020 டிசம்பரில் அமெரிக்காவின் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஒரு ஆய்வு வெளியானது. உண்மையில் ஆக்ஸிஜன் குறைந்திருந்தும் கருவி ‘எல்லாம் நலம்’ என்று காட்டிய சம்பவங்கள், வெள்ளை நோயாளிகளைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு. உயிர் காக்கும் கருவியையே வெளிர் விரலை அளவாக வைத்துச் சரிபார்த்தால் நடப்பது இதுதான். அளவுகோலாக யாருடைய விரலை வைக்கிறார்கள் என்பது அழகு சம்பந்தப்பட்ட கேள்வி மட்டும் இல்லை.

இப்போது ஆற்றின் பெயரைக் கொஞ்சம் யோசியுங்கள். தாமிரபரணி. பெயரிலேயே தாமிரம். நெல்லையப்பர் கோயிலில் நடராசர் ஆடும் சபை எது? மதுரைக்கு வெள்ளி, சிதம்பரத்துக்குப் பொன், நமக்குத் தாமிர சபை. மார்கழித் திருவாதிரைக்கு ஊரே போய்க் கும்பிடுகிறது. செம்பை ஆற்றுக்கும் பெயராக வைத்து, சாமிக்கும் சபையாகக் கட்டிய ஊர்க்காரர்கள், செம்பு நிறத்தில் பிறந்த சொந்த மகளின் கையைப் பார்த்து, ‘உனக்கு டார்க் கலர் எடுக்காதுட்டி’ என்கிறோம்!

நம் ஊரில் அழகுக்கு வேறு கணக்கு இருந்தது. அதன் பெயர் மருதாணி.

இலையைப் பறித்து, கொட்டைப்பாக்கும் புளியும் வைத்து அம்மியில் அரைத்து, விரல் நுனிக்குத் தொப்பி, உள்ளங்கைக்கு நிலா. ராத்திரி முழுக்கக் கையை நீட்டிக்கொண்டே தூக்கம். காலையில் கழுவியதும் வீட்டில் நடக்கும் போட்டி ஞாபகம் இருக்கிறதா? யாருக்கு ரொம்பச் சிவந்திருக்கிறது என்பதுதான் போட்டி! “மதினி, உங்களுக்கு என்னமா பிடிச்சிருக்கு!” என்று பொறாமைப்படுவார்கள். வெளிறிப்போய் ஆரஞ்சாக நின்றவள்தான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள். ‘லைட்டாத்தான் பிடிச்சிருக்கு’ என்றால் தோற்றுப்போனதாக அர்த்தம். கறுத்த கையில்தான் மருதாணி கம்பீரமாக இருக்கும் என்பது கிழவிகளுக்குத் தெரிந்த விஷயம். நகத்தில் ஏறிய மருதாணி உரியாது, பெயராது. மாதத்துக்குச் சுமார் மூன்று மில்லிமீட்டர் என்ற கணக்கில் நகம் வளர்ந்து, வெட்டி வெட்டித்தான் போகும். ஒரு தடவை வைத்தால் நாலைந்து மாதம். இப்படி ஒரு பொருளை எந்தக் கம்பெனியாவது விற்குமா?

அந்த ஊரில்தான் இப்போது ‘அடர் நிறம் அசிங்கம்’ என்று பாடம் நடக்கிறது. 1975-ல் வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’, ஊர் உலகம் கேள்வி கேட்டதும் 2020-ல் ‘க்ளோ அண்ட் லவ்லி’ என்று பெயரை மாற்றிக்கொண்டது. டியூபில் பெயர் மாறிவிட்டது. கடைத் தங்கச்சி வாயில் இன்னும் மாறவில்லை.

இனி மூன்றாவது. டீசன்ட்.

பளிச்சென்று சிவப்பு போட்டால் ‘லோக்கல்’. பச்சை போட்டால் ‘பட்டிக்காடு’. மினுமினுப்பு போட்டால், அதற்கு நாம் சொல்லும் வார்த்தையைப் பத்திரிகையில் அச்சடிக்க முடியாது. வெளிறிய பிங்க் போட்டால் ‘டீசன்ட்’. இந்த அகராதியை எழுதியது யார்? நிறத்துக்கு நாம் கொடுக்கிற மார்க் உண்மையில் நிறத்துக்கா, அதைப் போட்டிருக்கிற ஆளுக்கா? இதே ரத்தச் சிவப்பை ஒரு சினிமா நடிகை விருது விழாவில் போட்டு வந்தால் ‘போல்ட்’. பஸ்ஸில் கூடையோடு ஏறுகிற பெண் போட்டால் ‘லோக்கல்’.

இந்தப் புத்தி நேற்று வந்தது இல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் பழைய திருவிதாங்கூர். தோள்சீலைப் போராட்டம் பல்லாண்டுகள் நடந்த மண். கடைசியில் 1859-ல் மன்னரின் பிரகடனம் வந்தது. நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று அனுமதி கொடுத்தது. கூடவே ஒரு கொக்கி: மேல்சாதிப் பெண்கள் உடுத்துவதைப் போல உடுத்தக் கூடாது! போட்டுக்கொள், ஆனால் எடுப்பாகப் போடாதே. உடுத்திக்கொள், ஆனால் எங்களைப் போலத் தெரியாதே. நிறமும் ஜரிகையும் பகட்டும் யாருக்கு, அடக்கம் யாருக்கு என்று அரசாங்கமே பிரித்துக் கொடுத்த காலம் அது.

இன்றைக்குப் பிரகடனம் இல்லை. ‘டீசன்ட்’ என்ற ஒற்றைச் சொல் அதே வேலையைச் சம்பளம் வாங்காமல் செய்கிறது.

எங்கெல்லாம் செய்கிறது? மருதாணி வைத்து வந்த பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்துகிற பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. ஜவுளிக்கடையில் நாளெல்லாம் சேலை பிரித்துக் காட்டுகிற பெண்களின் நகத்தைக் காலையில் பரிசோதிக்கிற சூப்பர்வைசர்கள் இருக்கிறார்கள். ‘கஸ்டமர் கண்ணை உறுத்தக் கூடாது’ என்பது விதி. அந்தப் பெண்கள் உட்கார ஒரு நாற்காலி போட வேண்டும் என்பதற்கே தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. பன்னிரண்டு மணி நேரம் நின்ற கால் யார் கண்ணையும் உறுத்தவில்லை. அரை அங்குல நகம் உறுத்திவிட்டது!

ஒரே ஒரு நாள் மட்டும் இந்த நாட்டில் டார்க் நகம் டீசன்ட். ஓட்டுப் போடுகிற நாள். 1962 தேர்தலிலிருந்து மைசூரில் தயாராகிற அந்த அழியாத மையை, இடது ஆள்காட்டி விரலில் வைத்துக்கொண்டு கலெக்டர் முதல் காய்கறிக்காரம்மா வரை எல்லோரும் போட்டோ எடுத்துக்கொள்கிறோம். ‘உன் ஸ்கின் டோனுக்கு இது எடுக்காது’ என்று எந்த வாக்குச்சாவடி அதிகாரியும் சொன்னதாகக் கேள்விப்படவில்லை.

இங்கே ஒரு வாசகர் குறுக்கே வருவார், எனக்குத் தெரியும். “அண்ணாச்சி, ஒரு பாட்டில் பாலிஷுக்கு இம்புட்டுப் பேச்சா? லைட் கலர் போட்டா உரிஞ்சாலும் தெரியாது. பாத்திரம் கழுவுற பொம்பளைக்கு அதான் வசதி.”

நியாயமான பேச்சு. அதில் பொய் கிடையாது. உரிந்தால் தெரியாது, அதனால் லைட் போடுகிறேன் என்று சொல்லுங்கள், கைதட்டுகிறேன். அது உங்கள் சௌகரியம், உங்கள் கணக்கு. எனக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்லுங்கள். அதற்கு மேல் பேச்சே இல்லை. தொழுகைக்கு ஒளு செய்யும்போது நகத்தில் தண்ணீர் பட வேண்டும், அதனால் பாலிஷ் வேண்டாம், மருதாணி போதும் என்று மேலப்பாளையத்தில் ஒரு பெண் சொன்னால் அதுவும் அவள் முடிவு. நான் சண்டை போடுவது, ‘என் கை கறுப்பு, எனக்கு இதுதான் லாயக்கு’ என்று ஒரு பெண்ணைச் சொல்ல வைக்கிறார்களே, அவர்களோடு.

அந்தக் கைகள் என்னென்ன செய்கின்றன என்று பார்த்தீர்களா? முக்கூடல், ஆலங்குளம் பக்கம் வாசல்களில் மடியில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பாருங்கள். ஊறிய இலையை அளவாக வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, முனையை நகத்தாலோ சின்ன இரும்புத் துண்டாலோ குத்தி மடக்கி, நூல் கட்டி... கூலிக் கணக்கே ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பதுதான். ஆயிரம் தடவை மடக்கிய நகம் அது. பத்தமடையில் கோரையைக் கீறிக் கீறிப் பட்டுப்பாய் நெய்கிற விரல்களைப் பாருங்கள். ஆற்றுப் பாசன வயல்களில் இடுப்பு ஒடிய நாற்று நட்டு, சேறு ஏறிய நகக்கண்களைப் பாருங்கள். இந்த விரல்களில் ஒருத்தி ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஆசையாக ஒரு ரத்தச் சிவப்பு வைத்துக்கொண்டால் ‘லோக்கல்’ என்று சொல்ல நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

வெளிறிய நகத்தைப் பற்றி இன்னொரு சங்கதியும் இருக்கிறது. அழகுக் குறிப்பில் வராது. டாக்டரிடம் போனால் சில சமயம் நகத்தை அழுத்திப் பார்ப்பார், கவனித்திருப்பீர்கள். நகத்துக்கு அடியில் ரத்தச் சிவப்பு தெரிகிறதா, வெளிறிக் கிடக்கிறதா என்று பார்க்கிறார். வெளிறியிருந்தால் ரத்தசோகை இருக்கலாம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டு பேரில் ஒருத்திக்கு மேல்! அந்த ‘லைட் கலர்’ அவர்கள் நகத்தில் எல்லா சீஸனிலும் இருக்கிறது. காசே கொடுக்காமல் கிடைத்தது. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிச்சம் மீதியைச் சாப்பிட்டதால் கிடைத்தது. அந்த வெளிறலைப் பற்றிக் கவலைப்படாத வீடு, மேலே பூசுகிற சிவப்பைப் பார்த்து மட்டும் முகம் சுளிக்கிறது.

ஆகவே, வாசகிகளே, இந்த மார்கழிக்கு உங்களுக்கு எந்தக் கலர் என்று என்னைக் கேட்டால், எனக்குத் தெரியாது என்பேன். தெரிய வேண்டிய அவசியமும் எனக்கு இல்லை. ரத வீதிக்குப் போங்கள். ஸ்டாண்டில் இருக்கிற அத்தனை பாட்டிலையும் எடுக்கச் சொல்லுங்கள். கண்ணை எது இழுக்கிறதோ அதை வாங்குங்கள். நாவல்பழ நிறமா, நாவல்பழம். மிளகாய்ப்பழச் சிவப்பா, அதுவே. பேபி பிங்க்தான் பிடித்திருக்கிறதென்றால் தாராளமாக பேபி பிங்க். ஐந்து நிமிடத்தில் கறுக்கிற ‘கறுப்பு மருதாணி’ கோன் மட்டும் வேண்டாம். அதில் தலைமுடிச் சாய ரசாயனம் கலந்திருக்கலாம், கை புண்ணாகிவிடும். ஆபரேஷனுக்குப் போனால் பாலிஷை அழித்துவிட்டுப் போங்கள். டாக்டருக்கு உங்கள் நகத்தில் வேலை இருக்கிறது.

வாசகர்களே, அதாவது ஆண்களே, உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. இன்றைக்கு ராத்திரி வீட்டில் தட்டை எடுத்து வைக்கிற கையைப் பாருங்கள். மேலே என்ன நிறம் பூசியிருக்கிறது என்று பார்க்க வேண்டாம். நகத்துக்கு அடியில் சிவப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், முதலில் அவரை உட்கார வைத்துப் பரிமாறுங்கள்.

மற்ற கலரை அவர் பார்த்துக்கொள்வார்.